குழாயக்காவும் பதினேழாம் நம்பர் பைலட்டும்

குழாயக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேலை அட்டையில் அது அச்சாகியும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் விண்கப்பல் துறையின் வாசல் காவலரே உதட்டைப் பிதுக்குவார். குழாயக்கா என்று சொன்னால் மட்டும், "நேரா போங்க, பேச்சுச் சத்தம் வர்ற பக்கம் திரும்புங்க" என்று கையைக் காட்டுவார்.

அவள் பேசாத நேரம் என்று ஒன்று கிடையாது. பல்லிடுக்கில் டேப்பைக் கவ்விக்கொண்டு குழாயை முறுக்கும்போதும் பேசுவாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் குழாயோடு பேசுவாள். "என்ன, நேத்து ஒழுங்காத்தானே இருந்த, இன்னைக்கு ஏன் மக்கர் பண்ற?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பாள். பதினெட்டு வயதில் துணி ஆலையின் கொதிகலன் அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாய்களைப் பார்த்துக்கொண்டாள். போன இடமெல்லாம் வேலையில் குறை சொன்னவர் இல்லை. வாயைக் குறை சொல்லாதவரும் இல்லை.

கல்யாணமே அந்த வாயால் வந்ததுதான். ஒரு தையல்காரரின் கடையில் சுவரோரக் குழாய் ஒழுகியது. சரிசெய்யப் போனவள் மூன்று மணி நேரம் பேசினாள். அவர் தலையைத் தூக்காமல் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, "நாளைக்கும் ஒழுகுமா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "ஒழுக வைக்கலாம்" என்றாள். அந்த வருஷமே கல்யாணம்.

முப்பத்து நான்காவது வயதில் விண்கப்பல் துறையில் வேலை கிடைத்தது. அங்கே கப்பல்களை ஓட்டுவது மனிதர்கள் அல்ல, இரும்பாலும் கம்பியாலும் ஆன கணினிகளும் அல்ல. அந்தக் கணினிகள் வான்வெளிக் கதிர்வீச்சில் அடிபட்டுப் பாதி வழியில் படுத்துவிட்டதால், உயிருள்ள கணினிகளை வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடித் தொட்டி. உள்ளே மடித்து வைத்த ஈரத்துணி போல சாம்பலும் இளஞ்சிவப்புமாக ஒரு மூளைத்திசு. அடிபட்டால் அதுவே ஆறிக்கொள்ளும், வழி தெரியாவிட்டால் அதுவே யோசிக்கும். மூன்று வருஷம் வளர்த்து, பாடம் சொல்லிக் கொடுத்து, தொட்டியோடு தூக்கிக் கப்பலின் மூக்கில் பொருத்தி நரம்புக் கம்பிகளை இணைத்துவிட்டால் அதுதான் பைலட். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி, ஒரு லென்ஸ் உண்டு. பெயர் கிடையாது, நம்பர்தான்.

அந்தத் தொட்டிகளுக்கு ஊட்டநீர் போகும் குழாய்களும், பயன்படுத்திய நீர் திரும்பி வரும் குழாய்களும் குழாயக்காவின் பொறுப்பு. வேலை அவளுக்குக் கை வந்த கலை. ஒரே ஒரு சங்கடம்: வளர்ப்புக் கூடங்களில் பேசக் கூடாது. வளரும் மூளைக்கு எந்தச் சத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் "அமைதி" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஒன்றாம் கூடத்தில் அவள் தாக்குப்பிடித்தது பதினொரு நாள். எட்டாம் நம்பர் பைலட் பாடத்துக்கு நடுவே, "முட்டி வலிக்குது, மழை வரும்போல" என்று சொன்னதும் அவளை இரண்டாம் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கதை. மூன்றாவது தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த கண்காணிப்பாளர், கறுகறுவென்று மை பூசிய தலையை ஆட்டியபடி, "இனிமே உங்களுக்குக் கடைசிக் கூடம்தான். அங்க எவ்வளவு வேணா பேசிக்கங்க. கேக்கறதுக்கு ஆள் இல்ல" என்றார்.

கடைசிக் கூடத்தில் இருந்தது பதினேழாம் நம்பர். மூன்று வருஷம் வளர்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடம் எதற்கும் பதில் இல்லை. பைலட்டுகளை வளர்க்கும் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, மந்தம் என்று எழுதி வைத்துவிட்டார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கதவைத் திறந்து மூடும் வேலைக்கு அதை அனுப்பிவிடலாம் என்று பேச்சு. அதற்கு முன்பே இரண்டு பைலட்டுகள் அப்படிப் போயிருந்தன.

குழாயக்காவுக்கு அந்தக் கூடம் சொர்க்கமாக இருந்தது. காலையில் நுழைந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டே, "வணக்கம் பதினேழு, நேத்து எங்க விட்டேன்?" என்று தொடங்குவாள். முட்டி வலியைச் சொல்வாள். கண்காணிப்பாளரின் தலைமுடியைப் பற்றிச் சொல்வாள். குழாய்க்கு எப்படி மரை போடுவது என்று சொல்வாள். வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசினார் என்று எண்ணிச் சொல்வாள். "நேத்து பதினாறு. அதுல ஆறு 'ம்'."

எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் பேசியது நாத்தனாரைப் பற்றித்தான்.

நாத்தனார் என்றால் தையல்காரரின் அக்கா. அதே வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தார். வேலையும் இதே துறையில்தான், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில். வந்து போகும் கப்பல்களோடு வானொலியில் பேசுகிற குரல் அவருடையது. இஸ்திரி போட்டது மாதிரி ஒரு குரல், மடிப்பே இருக்காது. எவ்வளவு பெரிய கப்பலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்படும். நான்கு வருஷமாக அவரும் குழாயக்காவும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம் ஒரு குழாய். மாடிச் சமையலறைக் குழாய் கெட்டபோது நாத்தனார் கீழே ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டார். குழாயக்கா வேலை முடிந்து வரும்போது அந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லு பதினேழு," என்று தொட்டியைப் பார்த்துக் கேட்பாள். "வீட்டுலயே ஒரு குழாய்க்காரி இருக்கேன். விண்கப்பலுக்கே குழாய் போடறவ. என்னை விட்டுட்டு வெளியாளா? அந்த ஆளு போட்டது இன்னைக்கும் ஒழுகுது. எங்க ஹால்ல கூரை ஓரமா ஒரு கறை. நான் அதைப் பாத்துக்கிட்டேதான் தினமும் சாப்பிடறேன்."

பதினேழின் லென்ஸ் மட்டும் அவள் பக்கம் பார்த்தபடி இருக்கும். இப்படியே ஏழு மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குழாய்கள் சுவருக்குள் புகும் இடத்தில் கசிவு. அதுவரை அந்தப் பக்கம் பஞ்சு உறையால் சுற்றிக் கட்டியிருந்ததால் அவள் தொட வேண்டிய அவசியமே வந்ததில்லை. கதையை நிறுத்தாமலே உறையைப் பிரித்தாள். அன்றைய கதை, நாத்தனார் மாடிப்படியில் அவளை எதிரே பார்த்துவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறியது.

"நான் கீழ நிக்கறேன், அவங்க மேல நிக்கறாங்க. என்னைப் பாத்தாங்களா, உடனே..."

அங்கே பேச்சு நின்றது. அவளுடைய ஒரு கை ஊட்டநீர் உள்ளே போகும் குழாயில் இருந்தது. இன்னொரு கை திரும்பி வரும் குழாயில். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன.

மற்ற கூடங்களில் அப்படி இருக்காது. உள்ளே போவது வெதுவெதுப்பாகப் போகும், திரும்புவது அதைவிடக் கொஞ்சம் சூடாக வரும். உயிருள்ள மூளை அந்த நீரைக் குடித்து வேலை செய்வதால் வரும் சூடு அது. இங்கேயோ போனது போனபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரும் வாய் வைக்காத சாப்பாடு.

அவள் மல்லாக்கப் படுத்துச் சுவரிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு மூவழி வால்வு. அதன் முதுகில் நீர் போக வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி. அம்பு தொட்டியைப் பார்க்க வேண்டும். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ, எப்போதோ, திருப்பிப் போட்டு முறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஊட்டநீரில் முக்கால்வாசி தொட்டிக்குப் போகாமல் வால்விலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. மிச்சக் கால்வாசியில்தான் பதினேழு மூன்றரை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது.

குழாயக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறோம், ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லையே என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து ஓடினாள். முட்டி வலி அன்றைக்கு அவளுக்கு நினைவில்லை.

பெரிய டாக்டர் நம்பவில்லை. "ஊட்டநீர் அளவு முழுசாத்தான் காட்டுது, குழாயக்கா. நானே தினமும் கேஜ் பாக்கறேன்."

"கேஜ் இந்தப் பக்கம் இருக்கு மேடம். பசி அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் குழாயக்கா. "வாங்க, வந்து கையை வச்சுப் பாருங்க. நான் வேற எதுவும் கேக்கல."

டாக்டர் வந்தார். இரண்டு குழாய்களிலும் கையை வைத்தார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நேரத்துல மாத்தலாம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாப்பது நிமிஷம்."

முப்பத்தைந்து நிமிடத்தில் மாற்றினாள். ஆனால் உடனே முழு நீரையும் திறந்துவிடவில்லை. பட்டினி கிடந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்குக் கொஞ்சமாகத் திறந்தார்கள். நான்காம் நாள் திரும்பும் குழாயில் லேசான சூடு தெரிந்தது. ஆறாம் நாள் இளஞ்சிவப்பு கூடியது. அந்த நாட்களில் குழாயக்கா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். வந்ததும் குழாயைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"அப்புறம் என்னாச்சு?"

குழாயக்கா திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"நீங்க கீழ நின்னீங்க, நாத்தனார் மேல நின்னாங்க. உங்களைப் பாத்ததும் உடனே... அப்புறம் என்னாச்சு?"

அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "திரும்பி மேலயே போயிட்டாங்க," என்றாள். பிறகு, "நீ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்த?" என்றாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் அக்கா. பசியில பேச வரல."

பெரிய டாக்டர் ஓடி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கதவருகிலேயே நின்று கேட்டார். மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்தவருக்கு, உயிர்க் கணினி சொன்ன முதல் வாக்கியங்களில் பாதி ஒரு நாத்தனார் சண்டையைப் பற்றி இருந்ததில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சிரித்துக்கொண்டேதான் குறிப்பெடுத்தார்.

பாடங்களைப் பதினேழு பட்டினி கிடந்தவன் சாப்பிடுவது போலவே முடித்தது. மற்றவை ஒரு வருஷம் எடுத்ததை மூன்று மாதத்தில் தாண்டியது. தரையில் இருந்தபடியே ஓட்டிப் பழகும் பாவனைப் பயணங்களில் ஒரு தடவைகூட வழி தவறவில்லை. பேச்சுதான் குழாயக்காவின் அச்சு. ஆய்வுக் குழு வந்த அன்று, வரிசையாக நின்ற ஏழு பேரில் கண்காணிப்பாளரை லென்ஸால் பார்த்து, "மை போட்ட தலை நல்லாத்தான் சார் இருக்கு. அக்கா சொன்ன அளவுக்கு மோசம் இல்ல" என்றது. குழாயக்கா ஒரு பம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்காணிப்பாளர் கோபப்படுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் தலையைத் தடவிக்கொண்டு, "பார்வை நல்லா தெளிவா இருக்கு, தேர்வாச்சுன்னு எழுதிக்கங்க" என்றார்.

முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். ஒரு சரக்குக் கப்பல், சரக்கு இல்லாமல், ஆள் இல்லாமல். மேலே ஏறி, உலகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்க வேண்டும். தொட்டியைக் கப்பல் மூக்கில் வைத்துக் குழாய்களை இணைத்தது குழாயக்காதான். கடைசி மரையை முறுக்கிவிட்டு, "அம்பு உன்னைப் பாத்துத்தான் இருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன். தைரியமா போ" என்றாள்.

பைலட் பயந்தால் பழக்கமான குரல் ஒன்று வேண்டும் என்று டாக்டர் அவளைக் கோபுரத்துக்கு வரச் சொல்லிவிட்டார். அவளால் தட்ட முடியவில்லை. லிஃப்டில் ஏறி, வட்டமான கண்ணாடி அறைக்குள் நுழைந்தால், நடு நாற்காலியில் மைக்குக்கு முன்னால் நாத்தனார். திரும்பிப் பார்த்தார். தலையை ஒரு அங்குலம் அசைத்தார். குழாயக்காவும் ஒரு அங்குலம் அசைத்துவிட்டு அலமாரியோரம் போய் நின்றுகொண்டாள்.

கப்பல் ஏறியது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கொஞ்சம்கூடப் பயமில்லை.

"பதினேழு, கோபுரம் பேசுது," என்றார் நாத்தனார். "ரெண்டு சுத்து முடிஞ்சது. இறங்கு பாதைக்கு வா."

"இன்னும் ஒரு சுத்து போறேனே."

"அனுமதி ரெண்டு சுத்துக்குத்தான்."

"கீழ கடல் இருக்கு. இவ்வளவு பெருசுன்னு யாரும் சொல்லவே இல்ல. ஒரே ஒரு சுத்து."

டாக்டருக்குக் கவலையும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன. எரிபொருள் இன்னும் நாலு சுற்றுக்கு இருந்ததால் ஆபத்து ஒன்றும் இல்லை. இருந்தாலும் முதல் நாளே பைலட் சொல் பேச்சுக் கேட்காவிட்டால் குழு என்ன சொல்லும்? பதினேழு மூன்றாவது சுற்றையும் தன் பாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தது.

"பதினேழு. இப்ப இறங்கணும்," என்றார் நாத்தனார். குரலில் இன்னும் மடிப்பு விழவில்லை.

"இறங்கறேன். ஒண்ணு கேக்கலாமா? நீங்கதானே நாத்தனார்?"

அறையில் இருந்த எட்டுப் பேரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாத்தனாரைப் பார்த்தார்கள். குழாயக்காவுக்கு அலமாரிக்குள் நுழைந்துகொள்ளலாமா என்று இருந்தது. அதில் கோப்புகள் நிறைந்திருந்தன.

"மாடிக் குழாய்க்கு வெளியாள கூப்பிட்டீங்களே, அந்த நாத்தனார்," என்று பதினேழு விளக்கமாகச் சொன்னது. "ஏன் அக்காவைக் கூப்பிடல? மாசக்கணக்கா யோசிக்கறேன், எனக்கு விடை கிடைக்கல. சொன்னீங்கன்னா இறங்கிடறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியிலிருந்து உடனே பதில் போகவில்லை. நாத்தனார் மைக்கின் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தார். திரும்பி அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என் காதுல பேச்சுத்தான்," என்றார். "ஒரு நாளைக்கு அறுபது கப்பல். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சத்தமில்லாம உக்காரணும்னு இருந்துச்சு. இவ வந்தா குழாயைச் சரி பண்ணுவா. இவ வேலை எவ்வளவு சுத்தம்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா மூணு மணி நேரம் பேசுவா. அந்த ஆளு வாயே திறக்க மாட்டாரு. அதான் கூப்பிட்டேன். அவரு போட்டது இன்னைக்கும் ஒழுகுது. போதுமா?"

"அவ்வளவுதானா?" என்றது பதினேழு.

"அவ்வளவுதான்."

குழாயக்கா அலமாரியோரம் நின்றபடியே அதை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். நான்கு வருஷமாகத் தன் கைவேலையை மட்டம் தட்டிவிட்டார் என்றுதான் அவள் நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்தாள். கைவேலையைப் பற்றிப் பேச்சே இல்லை, வாயைப் பற்றித்தான் என்றால், அதைத்தான் துணி ஆலை தொடங்கி எல்லோரும் சொல்கிறார்களே. அதில் கோபப்பட என்ன இருக்கிறது? முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. அலமாரிக் கதவு தடதடக்கச் சிரித்தாள். டாக்டர் சிரித்தார். அடுத்த நாற்காலிக்காரர் சிரித்தார். கடைசியில் நாத்தனாருக்கும் உதட்டோரம் இழுத்தது.

"என்ன சத்தம் அங்க?" என்று மேலிருந்து கேட்டது பதினேழு.

"உங்க அக்கா சிரிக்கறா," என்றார் நாத்தனார். "நீ இறங்கு."

பதினேழு இறங்கியது. பூவை வைப்பது போல இறக்கியதாக அன்றைய பதிவேட்டில் யாரோ எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பேச்சு முழுவதும் பொது அலைவரிசையில் போயிருந்தது. அன்று வானத்தில் இருந்த பத்தொன்பது கப்பல்களும் கேட்டிருந்தன. மறுநாள் காலை எங்கிருந்தோ தாது ஏற்றி வந்த ஒரு கிழட்டுக் கப்பலின் பைலட், ரொம்ப மரியாதையாக, "நாத்தனாரே, இறங்கலாமா?" என்று கேட்டது. புகார் எழுதுவேன் என்றார் நாத்தனார். ஒரு வாரத்தில் ஆறு கப்பல்கள் அப்படிக் கூப்பிட்டன. இரண்டு மாதத்தில் அவருக்கே பழகிப்போய், "நாத்தனார் பேசறேன், சொல்லுங்க" என்று தொடங்கலானார்.

முதல் ஓட்டம் நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை குழாயக்கா பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். பின்னாலேயே தையல்காரரும் ஏறினார், வேடிக்கை பார்க்க. அவள் சமையலறையில் மண்டியிட்டுப் பழைய வாஷரைக் கழற்றினாள். மரையைத் துடைத்தாள். டேப் சுற்றினாள். இருபது நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. நாத்தனார் டீ போட்டுக்கொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தம்பியிடம் கண்ணால் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

"என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டேவிட்டார் நாத்தனார்.

"சத்தமில்லாம இருக்கணும்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

"அது வேலை நாள்ல. இன்னைக்கு லீவு. பேசித் தொலை, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

அவள் பேசத் தொடங்கினாள். டீ இரண்டு தடவை ஆறி, இரண்டு தடவை சூடு பண்ணப்பட்டது. ஹால் கூரைக்கு அடுத்த மாதம் வெள்ளையடித்தார்கள்.

பதினேழின் கதை வெளியே பரவியதும் பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டிக்கு வந்தார். பேசிப் பேசியே ஒரு மந்தமான பைலட்டை எழுப்பிவிட்ட தாயுள்ளம் என்று எழுத அவர் முடிவு செய்துகொண்டே வந்திருந்தார். குழாயக்கா அவரைச் சுவரிடுக்கில் குனிய வைத்து வால்வைக் காட்டினாள்.

"பாசம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பாசத்தால வால்வு திரும்பாது தம்பி. ஸ்பானராலதான் திரும்பும். அதை எழுதுங்க."

அவர் தாயுள்ளம் என்றுதான் எழுதினார். அவள் அந்தப் பத்திரிகையைக் குழாய் துடைக்க வைத்துக்கொண்டாள். ஆனால் பெரிய டாக்டர் வால்வுப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டார். துறையில் இருந்த நூற்றுச் சொச்சம் வால்வுகளையும் குழாயக்கா தலைமையில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கிடங்குகளுக்கு அனுப்பிய அந்த இரண்டு பைலட்டுகள் வளர்ந்த இடங்களிலும் அம்பு தப்பாகவே இருந்தது.

டாக்டரும் அவளும் கிடங்குகளுக்கே போனார்கள். அங்கேயும் மந்தத்துக்கு இது போதும் என்று பழைய அளவுக்கே நீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் குழாயைத் திருத்தி நீரைக் கூட்டினார்கள். ஒன்று பத்து நாளில் வாய் திறந்து, கப்பலுக்கு வருகிறேன் என்றது. இப்போது அது ஒரு மருத்துவக் கப்பலை ஓட்டுகிறது. மற்றொன்று யோசித்துவிட்டு, "இங்க ஷிஃப்ட்ல வர்றவங்க எல்லாரும் கதவைத் திறந்தா நன்றி சொல்றாங்க. எனக்கு இதுவே பிடிச்சிருக்கு" என்றது. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குழாயக்காதான், "விடுங்க மேடம், வயிறு நிறைஞ்சு சொல்றதுதானே" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவளுக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கூடங்களின் கதவில் "அமைதி" இல்லை. காலையில் ஒரு மணி நேரம் எந்தத் தொட்டியோடும் யாரும் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அதனால் இளம் பைலட்டுகள் சிலவற்றுக்குக் கிரிக்கெட் தெரிந்திருக்கிறது. ஒன்றுக்கு வீட்டு வாடகைச் சட்டம் அத்துப்படி.

பதினேழு தொலைதூர ஓட்டங்களுக்குப் போகிறது. மூன்றாவது ஓட்டம் பதினான்கு மாதம் நீடித்தது. பனித்துகள் வளையம் சூழ்ந்த ஒரு கிரகம் வரை போய்விட்டு, போன மாதம் ஒரு காலை வேளையில் வந்து இறங்கியது. குழாயக்கா கப்பல் மூக்கில் ஏறி இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதினேழு வளையத்தின் ஓரத்தில் பார்த்த ஒரு நிறத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. சொல்ல வரவில்லை. கப்பலின் கேமரா எடுத்த படத்தில் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்திருந்தது.

"நீலமா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பச்சையா?"

"பச்சையும் இல்ல அக்கா. அதுக்கு வார்த்தை இருக்கான்னே தெரியல."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்த தையல்காரர் இதைக் கேட்டார். உடனே கடைக்குத் திரும்பிப் போய், நூற்கண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூற்று நாற்பது கண்டு, நூற்று நாற்பது நிறம். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பதினேழு ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்றது. சில தடவை "கிட்ட வந்துட்டீங்க மாமா" என்றது. ஷிஃப்ட் முடிந்து அந்தப் பக்கம் வந்த நாத்தனாரும் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, வேண்டாத கண்டுகளை வாங்கி மடியில் அடுக்கினார்.

நூற்றுப் பதினொன்றாவது கண்டு வெளிர் ஊதா. பதினேழின் லென்ஸ் அதன்மேல் குவிந்தது.

"இதுவும், அந்த எழுபத்தி மூணாவதும். ரெண்டையும் சேத்துப் பிடிக்க முடியுமா?"

நாத்தனார் மடியில் தேடி எழுபத்து மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார். தையல்காரர் இரண்டு இழைகளையும் விரலால் முறுக்கி ஒன்றாக்கி, லென்ஸுக்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க," என்றது பதினேழு. "ஆங். அப்படியே பிடிச்சுக்கங்க. அக்கா, இதைப் பாருங்க. இந்த நிறம்தான். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும்."